என் ஆன்லைன் பரீட்சையும் பக்கத்து வீட்டு மரணமும்

2018ஆம் வருடம், ஜூலை மாதம். திருவட்டாறிலிருந்து உள்ளே போகும் சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. சாரல் ஓயாத ஒரு வியாழக்கிழமை அது. அன்று காலை பதினோரு மணிக்கு எனக்குக் கடைசிப் பரீட்சை, இரண்டு மணி நேரம். காலேஜுக்குப் போய் எழுதுகிற பரீட்சை இல்லை. என் படுக்கையறையில், மகளின் படிப்பு மேசையில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டியது.

முப்பத்தெட்டு வயதில் எனக்கு எதற்குப் பரீட்சை என்று கேட்பீர்கள். ஊரில் எல்லோரும் கேட்டார்கள். என் கணவர் சவூதியில் டிரைவராக இருந்தவர். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகித் திரும்பி வந்தார். எழுந்து நடக்க ஆள் பிடிக்க வேண்டும். நான் கல்யாணத்துக்கு முன்பு படித்த பி.காம். சர்டிபிகேட் அலமாரியில் சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு குழித்துறையில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போனேன். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். சாயங்காலம் வந்து பார்த்தால், மனுஷன் காலையில் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளில் நின்றுவிட்டேன்.

வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி வேலை வேண்டும். தேடிப் பார்த்ததில், கொச்சியில் ஒரு கம்பெனி வெளிநாட்டுக் கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறது, ஆட்கள் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் பழைய பி.காம். மட்டும் போதாது, இப்போதைய கணக்குமுறை தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். சரி, அதையும் படிப்போம் என்று கணக்கியலில் ஒன்றரை வருட ஆன்லைன் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். சேரும் முன்பு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று அரசாங்கத்தின் பட்டியலிலேயே தேடிப் பார்த்தேன். எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன், வெப்சைட்டில் மட்டும் இருந்த ஒரு யுனிவர்சிட்டியின் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு துபாய் வேலைக்கு அட்டெஸ்டேஷனுக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தவள்.

படித்தேன் என்றா சொல்ல வேண்டும்? இழுத்துக்கொண்டு போனேன். கப்பைக் கிழங்கு வெட்டும்போது உப்பு ஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்துப் பாடம் கேட்பேன். கணவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது ஒரு காதில் பாடம் ஓடும். வகுப்பு நடக்கும்போது கரண்டு போகும், கரண்டு இருக்கும்போது நெட் போகும், இரண்டும் இருக்கும்போது எனக்குத் தூக்கம் வரும். சர்ச்சில் பார்க்கும் பெண்கள், "வீட்டுக்குள்ளயே காலேஜா? யூனிபார்ம் உண்டா?" என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவேன். சண்டை போடத் தெம்பு வேண்டாமா?

கடைசிப் பரீட்சைக்கு முன்பு அந்தக் கம்பெனி இன்டர்வியூவும் முடித்துவிட்டது. பாஸ் ரிசல்ட் வந்தால் உடனே வேலை, இந்தத் தடவை எழுதாவிட்டால் காத்திருக்க மாட்டோம், அடுத்த ஆளைப் பார்ப்போம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்துத்தான். அந்த ஆறு மாதத்தை எதை வைத்து ஓட்டுவது என்று எனக்கும் தெரியாது, என் கணவருக்கும் தெரியாது.

இந்த வீட்டுப் பரீட்சைக்குச் சட்டதிட்டம் உண்டு. கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், மைக்கும் திறந்தே இருக்கும். அறையில் வேறு ஆள் வரக் கூடாது. வேறு சத்தம் கேட்டால் திரையில் எச்சரிக்கை வரும். மூன்று எச்சரிக்கை வந்தால் பரீட்சை தானாக மூடிக்கொள்ளும், பிறகு யாரிடமும் முறையிட முடியாது. அதனால் முந்தின வாரமே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், வியாழக்கிழமை காலையில் மட்டும் கொஞ்சம் சத்தமில்லாமல் இருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்காவும் அவர் கணவரும், அவரை நான் அண்ணன் என்பேன். ஒரே மகள் பெங்களூரில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், இளைப்புக்காரர். அவர் இருமினால் எங்கள் படுக்கையறையில் கேட்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா, "இது என்ன கூத்து? நம்ம வீட்டுல நாம பேசப்பிடாதா?" என்று வாயில் கை வைத்தார். அண்ணன் மட்டும், "நீ தைரியமா எழுது மக்கா. அன்னைக்கு நான் இருமவே மாட்டேன், போதுமா?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த வியாழக்கிழமை விடிந்தபோது சர்ச் மணி விட்டு விட்டு அடித்தது. எங்கள் ஊரில் அப்படி அடித்தால் சாவு. யார் என்று யோசிப்பதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் எழும்பிவிட்டது. அண்ணன் தூக்கத்திலேயே போயிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு அடுப்புதான் அந்த வீட்டுக்கு அடுப்பு. வருகிறவர்களுக்குப் பால் விடாத கட்டன் சாயா, வீட்டு ஆட்களுக்குக் கஞ்சி, எல்லாம் அங்கிருந்துதான் போக வேண்டும். நாற்காலி, பாய், குடிதண்ணீர், பாத்ரூம்கூட பக்கத்து வீட்டிலிருந்துதான். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்லவும் மாட்டார்கள், செய்வார்கள். என் மாமியார் இறந்தபோது அக்காவின் வீடு மூன்று நாள் அக்காவின் வீடாகவே இல்லை.

எட்டு மணிக்கெல்லாம் என் அடுக்களையில் பெண்கள் நிறைந்துவிட்டார்கள். பெரிய சருவத்தில் தண்ணீர் கொதித்தது. பரீட்சைக்காக நான் தூசு தட்டி ஒழித்து வைத்திருந்த படுக்கையறையில் யாருடைய குழந்தையோ தூங்கியது. அக்கா வீட்டில் மைக் செட் வந்து இறங்கி, கமுகு மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார்கள். அதன் வாய் நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்தது. பாட்டுக்குழு கீர்த்தனை பாடத் தொடங்கியது.

என் கணவர் ஊன்றுகோலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "இனி என்ன செய்ய?" என்றேன். "ஒண்ணும் செய்யண்டாம். நீ அங்க போய் இரி" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு வருத்தத்தைவிட அலுப்புதான் வந்தது. ஒன்றரை வருடமாக எத்தனை தடங்கல்! இதுவும் ஒன்று, அவ்வளவுதான், எப்படியும் எனக்கு இது வாய்க்காது என்று மனசு தன்னால் உட்கார்ந்துவிட்டது. லேப்டாப்பை மூடி அலமாரிக்குள் வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் என் போன் மணி அடித்தது. பரீட்சைக்கு ஒரு மணி நேரம் முன்னால் அடிக்கும்படி நான்தான் அலாரம் வைத்திருந்தேன், எடுத்துவிட மறந்துபோனேன். சாவு வீட்டில், அண்ணனின் தலைமாட்டில், துள்ளல் பாட்டு ஒன்று அடிக்கிறது! பதறிப்போய் அமர்த்தினேன். சுற்றி இருந்த பெண்கள் முறைத்தார்கள். அழுதுகொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு இன்னைக்கில்லியா பரீச்ச?"

"அது கெடக்கட்டும் அக்கா. அது இப்பம் ஒண்ணும் பெரிசில்ல."

"பெரிசில்லியா? எட்டி, ராத்திரி எல்லாம் ஒனக்க ரூம்ல வெளிச்சம் கெடந்தத நான் காணாமலா இருந்தேன்? எந்திரி."

நான் எழுந்திருக்கவில்லை. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து முற்றத்துக்குப் போனார். மைக் பிடித்திருந்த பையனிடம், "ஏலே, அத நிறுத்துல" என்றார். பாட்டு நின்றது. சபையில் ஒரு பெரியவர், "அது சரியில்ல கேட்டியா, வாறவிய என்ன நெனப்பாவ?" என்றார். அக்கா அவரிடம் சொன்னதை முற்றம் முழுக்கக் கேட்டது.

"நெனைக்கட்டும். எனக்க மாப்பிள அவளுக்கு வாக்கு குடுத்துட்டு போயிருக்காவ, இன்னைக்கு சத்தம் போட மாட்டேன்னு. அவிய பேச்ச நான் கெடுக்கவா? மூணு மணிக்கூர் களிஞ்சு பாடுங்க."

சாவு வீடு என்றால் சும்மா இருக்கும் வீடா? ஆனால் அன்று அந்த வீடு அடங்கியது. என் அடுக்களையிலிருந்த பெண்கள் கொதிக்கிற சருவத்தைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு எங்களுக்கு மறுபக்கத்து வீட்டுக்குப் போனார்கள். தூங்கிய குழந்தையையும் எடுத்துப் போனார்கள். தெருமுனையில் இரண்டு ஆண்கள் நின்று, வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பினார்கள். என் கணவர் எங்கள் வாசல்படியில் காவல் மாதிரி உட்கார்ந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முகத்தைக் கழுவி, புடவை மாற்றி உட்கார்ந்தேன்.

எங்கோ தூரத்து நகரத்தில் உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். கட்டிலின் அடி, அலமாரி, கதவு. ஜன்னலுக்கு வெளியே பந்தலும் வெள்ளைத் துணியும் தெரிந்தன. ஜன்னலை மூடவும் என்று எழுதி அனுப்பினார். மூடினேன். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

முதல் எச்சரிக்கை தோட்டத்து நாயால் வந்தது. நாயிடம் யார் போய்ச் சொல்வது? இரண்டாவது எச்சரிக்கை பரீட்சையின் பாதியில் வந்தது. வெளியே கார் நிற்கும் சத்தம், கார்க் கதவு சத்தம், "அப்பா" என்று ஓர் அலறல். அடிவயிற்றிலிருந்து வந்த அலறல். திரையில் சிவப்பில் எழுத்து வந்தது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த அலறல் நீளவில்லை. கையால் பொத்தினதுபோல் நடுவிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும்தான். நான் என்ன எழுதினேன், எப்படி எழுதினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. கை எழுதியது, அவ்வளவே.

முடித்துவிட்டு ஓடினேன். நான் படி ஏறினதும் மைக்கைப் போட்டார்கள், வீடே ஒன்றாகச் சேர்ந்து அழுதது. அப்போதுதான் ஒரு பெண் என் காதில் சொன்னார். அலறியது, முகம் வீங்கி அங்கே உட்கார்ந்திருந்த அவர்களுடைய மகள். விடிந்ததும் சேதி கேட்டு, பெங்களூரிலிருந்து விமானத்தில் திருவனந்தபுரம் இறங்கிக் காரில் வந்திருந்தாள். அவள் வாயைப் பொத்தினது அக்காவேதான். பெற்ற மகளை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்து, "பைய மக்களே, பைய" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

நான் பாஸானேன். வேலையும் கிடைத்தது. அந்த மகள் மட்டும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஊருக்கு வந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடுவாள், என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவைப் பார்த்த முதல் நிமிஷத்து அழுகையை யாரோ ஒருத்தியின் பரீட்சைக்காக விழுங்கச் சொன்னால், நானாக இருந்தாலும் மன்னிக்க மாட்டேன்.

இப்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் என்னிடம் வந்து ஆன்லைனில் என்ன படிக்கலாம், என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார், வேலை கொடுக்கிறவன் அந்தப் படிப்பை ஒத்துக்கொள்வானா என்று அவனிடமே கேள், பரீட்சை சென்டரிலா வீட்டிலா என்று விசாரி. முடிந்தால் சென்டரில் எழுதுகிற படிப்பாகப் பார்த்துச் சேர் என்று இதையும் சொல்கிறேன். வீட்டிலிருந்தே எழுதலாம் என்று விளம்பரத்தில் சுலபமாகப் போட்டுவிடுகிறார்கள், வீடு என்றால் நான்கு சுவர் என்று அவர்கள் நினைப்பு.

அக்கா இப்போதும் சாயங்காலங்களில் என் அடுக்களைக்கு வந்து உட்காருவார். சில நாள் அழுவார். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். வேலை நடுவில் எங்கே போகிறீர்கள் என்று கம்பெனிக்காரர்கள் ஒன்றிரண்டு தடவை கேட்டார்கள், வீட்டில் முக்கியமான வேலை என்று சொல்லிவிட்டேன். சம்பளம் வந்த மெசேஜ் மாதாமாதம் போனில் வருகிறது; அதைப் பார்த்துச் சந்தோஷப்படத்தான் வேண்டும், ஆனால் பாதியில் நின்றுபோன அந்த 'அப்பா' தான் எனக்கு முதலில் காதில் விழுகிறது.