ஒஸ்லோவுக்கு வழி சொன்னவன்

போன வாரம் அக்காவின் மகன் போனில் ஒரு செய்தி அனுப்பினான். கூட்டாளிகளோடு ஒஸ்லோவுக்கு மூன்று நாள் போகிறானாம், அங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தான். இருந்த கதிரையை விட்டு எழும்பாமலே பதில் எழுதினேன்: நகர மண்டபத்துக்கு முன்னால் படகு எடு, வைக்கிங் கப்பல்களைப் பார், பிறகு டிராமில் சிலைப் பூங்காவுக்குப் போ, பாட்டுக் கேட்க நல்ல நிலவறை ஒன்றும் உண்டு. மாமா எத்தனை தரம் அங்கே போனீர்கள் என்று திருப்பிக் கேட்டான். ஒரு தரமும் இல்லை என்று எப்படிச் சொல்வது? அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், எட்மண்டன் பக்கம், அக்கா வீட்டு மேலறையில் இருந்தேன். பகலில் பெற்றோல் ஷெட்டில் வேலை. என்ன சோப் போட்டாலும் அந்த மணம் போகாது. அக்காவின் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மடியில் ஏறுவார்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராததால் நாட்டை விட்டு நகர முடியாது. அந்த நேரத்தில்தான் ஒஸ்லோவில் தாய் தகப்பனோடு இருந்த வாசுகியின் சாதகம் எனக்குப் பொருந்தியது. வந்த படத்தில், பெரிய குளிர்ச்சட்டைக்குள் மூக்கும் இரண்டு கண்களும் மட்டும் தெரிந்தன. அது எனக்குப் போதுமாயிருந்தது. ஞாயிறு மத்தியானம் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசலாம் என்று பெரியவர்கள் அனுமதித்தார்கள்.

முதல் ஞாயிறு இங்கே மழை, அங்கே பனி என்பதோடு முடிந்துபோனது. இப்படிப் போனால் கலியாணம் நடந்த மாதிரித்தான் என்று பயந்து, நூலகத்தில் ஒஸ்லோ பற்றிய வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். யாரோ கோப்பி ஊற்றிய பழைய புத்தகம். ஷெட்டில் கார் வராத நேரமெல்லாம் அதுதான் கையில். லண்டனில் ஹைகேற் முருகன் கோயிலைத் தவிர எதையும் பார்க்காதவன், ஒஸ்லோவின் டிராம் எண்களை மனப்பாடம் செய்தேன்.

அவளுக்கும் தான் இருந்த ஒஸ்லோ தெரியாது. மொழி வகுப்பு, அதை விட்டால் சனி ஞாயிறில் தமிழாக்களின் வீடு வீடாகப் போய் மற்றவர்களின் கலியாண வீடியோ பார்ப்பது. லண்டனில் நாங்களும் அதைத்தான் செய்தோம். நான் ஒவ்வொரு கிழமையும் ஓர் இடம் சொல்வேன், அவள் போய்ப் பார்த்து அடுத்த ஞாயிறு சொல்வாள். வைக்கிங் கப்பலின் முனை பாம்புபோலச் சுருண்டிருக்குமாம். அதன் மரம் என்ன நிறம், கிட்டப் போனால் மணக்குமா என்று நான் துருவித் துருவிக் கேட்பேன்.

சிலைப் பூங்காவில்தான் மாட்டிக்கொண்டேன். புத்தகத்தில் அதன் வாசற்கதவின் படம் மட்டுமே இருந்தது. குடும்பமாகப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். தாய் பட்டுச்சேலை கட்டி, பொரித்த பற்றீஸும் தேத்தண்ணீர்ப் போத்தலுமாகப் போயிருக்கிறார்கள். உள்ளே அத்தனை சிலையும் பிறந்தமேனி. தகப்பன் வெளியே வரும்வரை மரங்களையே பார்த்தாராம். அடுத்த ஞாயிறு அவரே தொலைபேசியை எடுத்தார்.

"தம்பி, நீர் என்ன புத்தகம் வாசிக்கிறனீர்?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வாசுகி வாங்கி, மெல்லிய குரலில், தனக்குப் பிடித்திருந்தது என்றாள். ஒரு கிழவனும் கிழவியும் ஒட்டிக்கொண்டிருக்கும் சிலை ஒன்று உண்டாம், அதைப் பார்க்கத் திரும்பவும் போவாளாம். அன்றைக்குத்தான் அவளை எனக்கு உண்மையாகப் பிடித்தது.

இரவில் ஜாஸ் வாசிக்கும் அந்த நிலவறையில் சனி பின்னேரம் ஒத்திகை நடக்கும் என்றும் புத்தகம் சொன்னது. வகுப்புத் தோழியோடு போனவள், அங்கிருந்த தொலைபேசியில் அக்கா வீட்டுக்கு எடுத்து, ரிசீவரை மேடைப் பக்கம் நீட்டினாள். எட்மண்டனில் மாடிப்படியில் இருந்து சாக்ஸபோன் கேட்டேன். வழக்கமில்லாத நாளில் மணி அடித்ததால், அக்கா சமையலறையில் இருந்து, ஆர் செத்தது என்று கேட்டாள்.

நாள் குறிக்கும் பேச்சு வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டோடு போய் இருப்பான். இங்கே வந்ததும் அதைத் தலைகீழாக்கி வைத்திருந்தோம். இங்கிலீஷ் நாடு, கோயில், கடை எல்லாம் இருக்கிறது, ஆகவே பெண் லண்டனுக்கு வருவாள் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எனக்கும் இல்லை.

"எனக்கு வர ஏலாது," என்றாள் வாசுகி. "இப்பதான் இந்த ஊரைப் பாக்கத் தொடங்கியிருக்கிறன், அதுவும் உங்களாலை. நீங்கள் வாங்கோ. பேப்பர் வரட்டும், எத்தினை வருசமெண்டாலும் காத்திருப்பன். வாறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

லண்டனை விட்டுவிட்டு ஆரும் பனிக்குள் போவார்களா என்று அக்கா பொரிந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன், ஒரு மாரிக்குளிர் முழுக்க. ஞாயிறுகள் பத்து நிமிடத்தில் இருந்து ஐந்தாகி, பிறகு மணி அடிக்கவில்லை. அவளுக்கு அங்கேயே ஒருவரோடு கலியாணம் நடந்ததாகக் கேள்வி. என் விசா அதற்குப் பிறகுதான் வந்தது.

எனக்கும் பிறகு நல்ல இடத்தில் அமைந்தது. குறை சொன்னால் இன்றைக்குச் சோறு கிடையாது. பெற்றோல் ஷெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஞாயிறு மத்தியானம் மணி அடித்தால் அக்கா வீடே அமைதியாகும் அந்த வழக்கமும் போய்விட்டது. விசா இல்லையே, அதனால்தான் போகவில்லை என்று கனகாலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அவள் கேட்டது ஒரு சொல். அதைச் சொல்ல விசா தேவைப்படவில்லை.