எலிப் பசை

தொண்ணூறுகளில், பெங்களூர் தொம்மலூரில் என் வீட்டு மாமரத்தைக் கொத்துகிறதென்று அடிமரத்தில் எலிப் பசை தடவி ஒரு மரங்கொத்தியைக் கொன்றவன் நான்.

"மொதல்ல மரத்தைப் பாக்கறேன் சார், அப்புறம் கொத்தாம இருக்க சாக்கு சுத்தலாம்" என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். நான் பொறுக்கவில்லை. காதில் பீடி செருகிய ஒல்லி மனிதர் அவர். எந்த மரத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் தாண்டமாட்டார்.

ஒட்டிச் செத்திருந்த பறவையைப் பார்த்தவர், அது கொத்திய துளைக்குள் கம்பியை விட்டுக் கொழுத்த புழுவொன்றை இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"மரத்தைத் தின்னது இது. இதைத் தின்ன வந்ததைக் கொன்னுட்டீங்க. படிச்சவரா சார் நீங்க? இந்தாங்க, இத வச்சுக் கொஞ்சுங்க!"

அன்றே என் வீட்டு வேலையை விட்டு, அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மரம் பட்டுப்போனது. வீட்டில் வெட்டச் சொல்லியும் நிற்கவிட்டேன். சில வருடங்களில் ஒரு மரங்கொத்தி அதில் பொந்து குடைந்து குஞ்சு பொரித்தது. அவரிடம் சொல்ல அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

"தெரியும் சார், தினமும் பாக்கறேன்" என்றார், கேட்டுக்கு உள்ளே நின்றபடி. திறக்கவில்லை.