காதுக்குள் பூதம், கையில் சேனை

முதலில் காதுக்குள் இயர்போன். அது நழுவாமல் இருக்க மேலே ஒரு பிடி கழிவுப் பஞ்சு. பஞ்சு பறக்காமல் இருக்கத் தலையைச் சுற்றி ஒரு துண்டு, தாடைக்குக் கீழே முடிச்சு. பல்வலிக்காரர் தோற்றம் முழுசாக வந்ததும் காளிச்சாமி தறியின் சுவிட்சைத் தட்டுவார். சோமனூர்த் தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் அடிவயிற்றிலிருந்து கத்தினாலும் வாயசைவுதான் தெரியும். அந்தச் சத்தத்துக்குள் இவர் மட்டும் யாரோ சொல்லும் கதைக்குத் தலையாட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, சமயத்தில் "வெட்டுறா அவன" என்று முணுமுணுத்துக்கொண்டு தறிகளுக்கு நடுவே நடப்பார்.

கேட்பது பக்திச் சொற்பொழிவு என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். மருமகன் கிருபாசங்கரும் அப்படி நினைத்துத்தான், பேச்சும் கதையும் கேட்கிற அந்த ஆப்பைப் போனில் போட்டுக் கொடுத்தார். மாமனார் அஞ்சாங்கிளாஸோடு நின்றவர். எழுத்துக்கூட்டிப் பேப்பரைப் படித்து முடிப்பதற்குள் செய்தி பழசாகிவிடும். கேட்டாவது நல்லதைத் தெரிந்துகொள்ளட்டும் என்று மருமகனுக்கு ஆசை. ஆன்மிகம், உடல்நலம், தன்னம்பிக்கை என்று நல்லது எல்லாமே அதில் இருந்தது. காளிச்சாமியின் விரல் போய்ப் பட்டது நெருப்புக் கக்கும் ஒரு பறக்கும் பாம்பின் படத்தில். பட்டது பட்டதுதான்.

கதைக்குப் பெயர் 'சாம்பல் கோட்டை'. பார்சல் கொண்டு போகும் பரிதி என்ற பையன் போனில் விளையாடிக்கொண்டிருந்தபோது அந்த விளையாட்டுக்குள்ளேயே விழுந்துவிடுகிறான். உள்ளே எல்லாம் விளையாட்டின் சட்டப்படி. எலியை அடித்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். ஏறியதும் வானத்தில் ஒரு மணி அடித்து, ஒரு பெண் குரல் அதை ஊருக்கே அறிவிக்கும். அந்த மணி அடிக்கும்போதெல்லாம் காளிச்சாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் கழுத்தில் யாரோ மாலையைப் போட்டதுபோல நிமிர்ந்துகொள்வார்.

"எலியக் கொன்னாக் கூட கணக்குல வெச்சுக்கறாங்க பாருங்க" என்பார் டீக்கடையில். "நானும் இத்தன வருசமாத் தறி ஓட்டறனுங்க. ஒரு நாளாச்சும் எவனாச்சும் வந்து, காளிச்சாமி, உனக்கு ஒரு லெவல் ஏறிப்போச்சுன்னு சொன்னானுங்களா? சொன்னது டாக்டரு ஒருத்தருதானுங்க. அதும் சக்கரைக்கு."

அதற்காக, ஊற்றுவதையெல்லாம் குடிக்கிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. கதையில் அவருக்கு ஏகப்பட்ட புகார். முதல் புகார் பட்டியல். லெவல் ஏறும்போதெல்லாம் பரிதியின் வலிமை எவ்வளவு, வேகம் எவ்வளவு, பையில் கத்தி எத்தனை, கயிறு எத்தனை என்று ஒன்றுவிடாமல் வாசிப்பார்கள். கண்ணால் படிக்கிறவன் தாண்டிப் போய்விடலாம். கை நிறைய நூலோடு நிற்கிறவன் எதை எங்கே அமுக்குவது? பட்டியல் தொடங்கியதும், குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்த தறிகளுக்கு நூல் மாற்றக் கிளம்பிவிடுவார். "அத்தனையும் மாத்திப்போட்டு, ஒண்ணுக்கும் போயிட்டு வந்தாலும், அவன்ற பைக்குள்ளாற என்ன கெடக்குதுன்னு இன்னும் சொல்லிட்டேதான் இருப்பாங்க."

அடுத்த கோபம் பரிதியின் மேலேயே. சேர்ந்த புள்ளிகளைப் போட்டு வலிமையை ஏற்றிக்கொள்ளாமல், மூட்டை கட்டி வைத்துக்கொண்டு அடி வாங்குகிறான். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கப் பயிரைக் காயவிட்டவன் மாதிரி என்று திட்டுவார். பெண்கள் எல்லோருக்கும் ஒரே கீச்சுக்குரல் கொடுத்திருப்பதும் அவருக்கு ஆகாது. ராணியும் சூனியக்காரியும் சண்டை போட்டால், யார் யாரைக் கொன்றது என்று பிணம் விழுந்த பிறகுதான் விளங்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் பாகத்தில் கதை வாசிக்கிறவர் மாறினார். பழையவர் கனமான குரல்காரர். புதியவர் வந்ததும் வராததுமாகப் பச்சைத்தோல் பூதங்களைக் கோயமுத்தூர்ப் பேச்சு பேச வைத்துவிட்டார். காளிச்சாமிக்கு ரோசம் வந்துவிட்டது. நாட்டில் இத்தனை பேச்சு இருக்க, கழுத்தறுக்கிறவனுக்கு எங்கள் பேச்சுதானா கிடைத்தது என்று இயர்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கொஞ்ச நாள் வெறும் தறிச் சத்தத்தையே கேட்டார். தாங்க முடியவில்லை. மறுபடி மாட்டியபோது பூதத் தலைவன் பரிதியைக் கட்டி இழுத்து வந்து எதிரில் நிறுத்தியிருந்தான். "வாங்க, உக்காருங்க. மொதல்ல தண்ணி குடியுங்க. வெட்டறதெல்லாம் பொறவு பாத்துக்கலாமுங்க." காளிச்சாமி தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர் பூதங்கள் கட்சிக்கு மாறியவர்தான்.

பறக்கும் பாம்போடு பரிதி மோதிய நாளில்தான் வீட்டில் வினை பிடித்தது. சண்டை உச்சத்தில் இருந்தது. ஒரு தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் கொத்தாக அறுந்துபோனதைக் காளிச்சாமி பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் நின்றார், ஆனால் கண்ணுக்கு முன்னால் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. துணி தன் பாட்டுக்கு ஓட்டையோடு ஓடியது. சாயங்காலம் துணியை மடிக்க வந்த மனைவி நஞ்சம்மாள் அதைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாகக் கணவரைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, நான் தெரியறனுங்களா?"

அந்தத் துணியை நஞ்சம்மாள் விற்கவிடவில்லை. வருகிற உறவுக்காரர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். மகள் லோகப்பிரியா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்தபோது அவளுக்கும் காட்டினார். காட்டிய கையோடு தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "உன்ற அப்பன் கையி கொழந்த வாயில படப்படாது. சேனைய உன்ற மாமனாரு வெக்கட்டும்."

சேனை என்பது பிறந்த குழந்தையின் வாயில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பது. வைக்கிறவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிள்ளை அடங்காமல் திரிந்தால் பெற்றவர்களைக் கேட்க மாட்டார்கள், இதுக்கு எவன் சேனை வெச்சான் என்றுதான் கேட்பார்கள். லோகப்பிரியாவுக்கு வைத்தவர் காளிச்சாமியின் மாமியார். மகள் இன்றுவரை நடை, கோபம், உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுவது எல்லாமே மாமியார். அதனால் காளிச்சாமிக்கு அந்த நம்பிக்கையில் துளி சந்தேகமும் கிடையாது. சந்தேகம் இருந்திருந்தால் வலித்திருக்காது.

நஞ்சம்மாள் தேர்ந்தெடுத்த ஆள் லேசுப்பட்டவர் அல்ல. காரமடைச் சம்பந்தி கறிவேப்பிலைத் தோட்டக்காரர். விடியுமுன் குளியல், நெற்றி நிறைய நாமம், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் காது. அதிகம் பேச மாட்டார். அவருடைய ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு கொத்துக் கறிவேப்பிலையை உருவி முடித்துவிடலாம். அந்த மாதிரி ஒரு பிள்ளை வீட்டில் வளர்ந்தால் நல்லதுதான் என்று காளிச்சாமியும் வாயால் சொன்னார். சொல்லிவிட்டு, இரண்டு நாள் இயர்போனைத் தொடாமல் இருந்து பார்த்தார். நஞ்சம்மாளிடம் போய்த் தறியில் ஓட்டையே விழவில்லை என்றும் சொன்னார். "காய்ச்சல்காரன் ரெண்டு நாளு குளிக்காம இருந்துபோட்டா யோகியாயிருவானுங்களா?" என்றார் நஞ்சம்மாள். மூன்றாம் நாள் பஞ்சும் துண்டும் பழையபடி தலைக்கு ஏறின.

பெண் குழந்தை. சூலூர் ஆஸ்பத்திரியில், வெயில் ஏறிய நேரத்தில், நல்ல எடையோடு, ஊரையே கூப்பிடும் குரலோடு பிறந்தது. நஞ்சம்மாள் முந்தானையில் முடிந்து வந்த சர்க்கரையை அவிழ்க்கும்போதே நர்ஸ் பிந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பாலக்காட்டுப் பெண், கண்டிப்பானவள். "சக்கரை, தேன், தண்ணி ஒண்ணும் கொடுக்கப் பாடில்ல. தாய்ப்பால் மாத்திரம்." நஞ்சம்மாள் கெஞ்சிப் பார்த்தார், உறவு கொண்டாடிப் பார்த்தார். கடைசியில், தாயின் பாலிலேயே ஒரு சொட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை என்று பிந்து இறங்கி வந்தாள். லோகப்பிரியா பால் எடுத்து வைக்கிறவரை ஆண்கள் வெளியே இருக்க வேண்டும்.

வெளியே இரும்பு நாற்காலியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையின் அப்பாருவான சம்பந்தி நாமத்தோடும் கழுவிய கையோடும் தயாராக இருந்தார். அம்மா வழி அப்புச்சியான காளிச்சாமிக்கு வேலை ஒன்றும் இல்லை. வேலை இல்லாத கை சட்டைப் பைக்குள் போய் இயர்போனை எடுத்துக்கொண்டது. சம்பந்தி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அன்றைய தன் முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

"என்னதானுங்க கேப்பீங்க அதுல?"

இந்தக் கேள்வியை இதற்கு முன் கேட்டவர்களுக்கெல்லாம் காளிச்சாமி கதையை முதலிலிருந்து விளக்கி, எலியிலேயே அவர்களைத் தூங்க வைத்திருக்கிறார். இன்றைக்கு விளக்கவில்லை. எலிகளைத் தாண்டினார். முதல் இரண்டு பாகங்களையே தாண்டினார். மூன்றாம் பாகத்தில் பூதத் தலைவன் வாய் திறக்கிற இடத்துக்கு நேராகப் போய், ஒரு காதைச் சம்பந்தியிடம் கொடுத்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றது பூதம்.

சம்பந்தி தன்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியில் நாமம் சுருங்கியது. பூதம் கத்தியைத் தீட்டிக்கொண்டே, இன்னொரு இட்லி வைத்துக்கொள்ளச் சொல்லிப் பரிதியை வற்புறுத்தியபோது, வயிறு குலுங்கியது. நாற்காலியும் குலுங்கியது. அந்த மனிதர் சிரித்துக் காளிச்சாமி கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

நடுவில் பட்டியல் வந்தது. வலிமை, வேகம், கத்தி, கயிறு. சம்பந்தியின் முகம் கசந்தது. "இது என்னங்க, ரேசன் கடை போர்டாட்ட" என்று காதிலிருந்து கழற்றப் போனார். காளிச்சாமியின் கட்டை விரல் முந்திக்கொண்டு அதைத் தாண்டவைத்தது. நேரே சண்டை. சம்பந்தியின் கை காதிலேயே நின்றுவிட்டது. பரிதி கட்டை அறுத்துக்கொண்டு எழுந்தான், பூதங்கள் மரியாதையாகச் சூழ்ந்துகொண்டன. அப்போது காளிச்சாமி தன் காதில் இருந்ததையும் கழற்றினார். "ரெண்டு காதுலயும் கேட்டாத்தானுங்க சம்பந்தி அந்தக் கத்திச் சத்தம் சரியா வுழுகும்" என்று தானே செருகிவிட்டார். போனையும் அவர் மடியிலேயே வைத்தார். வேண்டுமென்று செய்தீர்களா என்று இன்றைக்குக் கேட்டால், தறிக்காரர்களுக்குக் காது மந்தம் என்பார்.

கதவைத் திறந்து நஞ்சம்மாள் கூப்பிட்டார். "சம்பந்தி, வாங்க. கொழந்த முழிச்சிருக்குது."

சம்பந்தி அசையவில்லை. கண்கள் எதிர்ச் சுவரில் இருந்தன. சுவரில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நஞ்சம்மாள் இன்னொரு தரம் கூப்பிட்டார். கிருபாசங்கர் போய் அப்பாவின் தோளைத் தொட்டார். அப்பா அவர் கையை ஈயை ஓட்டுவதுபோலத் தட்டிவிட்டார். "வெட்டுடா" என்றார், காதடைத்தவர்கள் பேசுகிற சத்தத்தில். பிரசவ வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நஞ்சம்மாள் சம்பந்தியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். காளிச்சாமி வெறுங்காதோடு, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து பிந்து, குழந்தை தூங்கிவிடும், வருவதானால் வாருங்கள் என்று அதட்டினாள்.

"அந்த மனுசனும் கெட்டுப்போயாச்சு" என்றார் நஞ்சம்மாள். "ரெண்டும் ஒண்ணுன்னா என்ற ஊட்டுக்காரரே வெச்சுட்டுப் போகட்டும். எந்திரீங்க. கையக் கழுவுங்க. மொழங்கை வரைக்கும்."

காளிச்சாமி கழுவினார். பிந்து போதும் என்ற பிறகும் கழுவினார். நக இடுக்கில் வருஷக்கணக்காகத் தங்கியிருந்த எண்ணெய்க் கறுப்பு முழுசாகப் போகாததால் சுண்டுவிரலைத் தேர்ந்தெடுத்தார், அதுதான் உள்ளதில் சுத்தம். லோகப்பிரியா சின்னக் கிண்ணத்தை நீட்டினாள். விரல் நுனியை நனைத்து, இடுப்பை மடக்கிக் குனிந்து, அந்தச் சிவந்த சின்ன உதட்டில் வைத்தார். குழந்தை முகத்தைச் சுளித்தது. யோசித்தது. பிறகு விரலைக் கவ்விக்கொண்டு, ஒரு சொட்டுக்கு மேலேயும் இருக்கும் என்ற நம்பிக்கையில் இழுக்கத் தொடங்கியது.

"போதும்ப்பா, எடுங்க" என்றாள் மகள். எடுக்க வரவில்லை.

வாசலில் காரமடைச் சம்பந்தி வந்து நின்றார். காதில் வயர் தொங்கியது, கையில் போன், கண்ணில் கலக்கம். அத்தியாயம் பாதிக் கழுத்தில் கத்தி இருக்கும்போதே முடிந்துபோயிருந்தது. "சம்பந்தி" என்றார், வார்டே கேட்க. "நின்னுபோச்சுங்க. பரிதி பொழச்சானுங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க."

காளிச்சாமிக்குத் தெரியும். ஒரு சொல் போதும். அவர் திரும்பவில்லை. குனிந்தபடியே, விரலைக் குழந்தையிடம் விட்டுவிட்டு, மற்றக் கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் தூக்கி, சித்தெ இருங்க என்று காட்டினார்.