மின்தடை இல்லாத தறிக்குடோன்

சோமனூரில் விசைத்தறி ஓட்டும் காளிச்சாமிக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று உண்டென்றால், அது கணினி விளையாட்டு அமைப்பது. மகள் வேலை கிடைத்துச் சென்றபோது விட்டுப்போன மடிக்கணினியில் அந்தப் பழக்கம் தொடங்கியது. அவர் பயன்படுத்துவது பழைய பாணியிலான ஓர் இலவச மென்பொருள். அதில் படம் வரைய இயலாது. எழுத்துகள், குறிகள், சில வண்ணங்கள் ஆகியவற்றைக் கொண்டே எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஒரு திரையில் இயங்கும் பொருள்களுக்கு வரம்பும் உண்டு.

அவர் அமைத்தது, தாமும் மனைவி பாப்பாயியும் வேலை செய்யும் தறிக்குடோனை. H என்ற எழுத்து ஒவ்வொன்றும் ஒரு தறி. இழை அறுந்தால் அது சிவக்கும். சிரித்த முகமாக உள்ள நெசவாளி ஓடிச் சென்று முடிச்சிட வேண்டும். அதற்குள் வேறொரு தறி சிவக்கும். தறியில் ஏற்றிய நீளவாட்டு நூலான பாவு தீர்ந்தால் ஆட்டம் முடியும். எதிர்வரிசைத் தறிகளுக்குப் பாப்பாயியின் முகம் ஒன்றை வைத்து, அதைத் தானாக ஓடவும் செய்திருந்தார்.

இணையத்தில் அதை ஆடிய வெளிநாட்டவர் சிலர் பாராட்டி எழுதினர். அவர்களில் ஒருவர் H என்பதை ஏணி என்று கருதியிருந்தார். தறி அறிந்த ஒருவர் இறுதிவரை ஆடிப்பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். காளிச்சாமிக்கு வேண்டியது அவ்வளவே. அப்படிச் சொல்லத்தக்க பாப்பாயி வீட்டிலேயே இருந்தும், திரையின் பக்கம் திரும்பவில்லை.

"ஏம்புள்ள, ஒருக்கா ஆடிப் பாரு."

"ஏனுங்க, பகலெல்லாம் ஓட்டுனது பத்தாதுங்களா? ஊட்டுக்குள்ளயும் தறி போட்டுட்டீங்க. முதலாளிகூட இப்படி வேலை வாங்க மாட்டாருங்க."

பல மாதங்கள் இப்படியே கழிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் வீக்கத்தினால் அடுப்படியில் நிற்க முடியாமல் பாப்பாயி நாற்காலியில் அமர்ந்தார். காளிச்சாமி மடிக்கணினியை அவர் முன் வைத்தார். மறுப்பதற்கும் அவருக்குத் தெம்பில்லை, ஆடத் தொடங்கினார். நன்றாகவே ஆடினார். சிறிது நேரத்தில் விரலை எடுத்துவிட்டார்.

"இதென்னங்க, இங்க கரண்டே போகாதுங்களா?"

காளிச்சாமி அதை அமைக்கவே இல்லை. மின்சாரம் நின்றால் கூலி குறையும் என்பது உண்மை. ஆயினும், எல்லாத் தறிகளும் ஒருசேர அடங்கும் அந்தச் சமயத்தில்தான் குடோனில் யாரும் உட்கார்ந்து பேச முடியும். மற்றவற்றையெல்லாம் கவனித்து அமைத்தவர், மின்தடையை ஒரு பழுதென்று எண்ணி விட்டுவிட்டார். முதலாளி எண்ணுவதும் அப்படியே.

"போட்டர்றேன். ஆனா எடமில்லியே. இதுக்கு மேல ஒண்ணு சேக்கோணும்னா, இருக்கறதுல ஒண்ண எடுக்கோணும்."

"முதலாளிய எடுத்துப்போடுங்க."

"அவரத்தான் நான் வெக்கவே இல்லியே."

"அப்ப என்னைய எடுத்துப்போடுங்க. அங்கயாச்சும் நான் ஊட்டுக்குப் போயி படுத்துக்கறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அன்று பிற்பகலிலேயே காளிச்சாமி எதிர்வரிசையில் இருந்த முகத்தை நீக்கினார். கவனிக்க ஆளில்லாத தறிகளைச் சுவராக்கினார். விடுபட்ட இடத்தில் மின்தடையைப் பொருத்தினார். அந்த மென்பொருளில் ஒரு செய்தியைத் திரையில் காட்டினால், ஆடுபவர் ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தும்வரை அது அப்படியே நிற்கும். வேறு வழி அதில் இல்லை.

பாப்பாயி மறுபடியும் ஆடினார். பாவு பாதி தீர்ந்த நிலையில் எழுத்துகள் யாவும் சாம்பல் நிறமாயின. தறியோசையாக ஒலித்துக்கொண்டிருந்த கீச்சொலி அடங்கியது. "கரண்ட் போச்சு" என்ற வரி மட்டும் நின்றது.

"செரியா இருக்குதா?" என்று காளிச்சாமி கேட்டார்.

"செரியா இருக்குதுங்க. கரண்ட் எப்ப வருமுங்க?"

"ஏதாச்சும் பட்டன அமுக்கு, வந்துரும்."

பாப்பாயி இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். வீங்கிய காலை எதிரே இருந்த முக்காலியின்மேல் நீட்டினார்.

"இன்னும் பாதிப் பாவு கெடக்குது, புள்ள."

"கெடந்துட்டுப் போகுதுங்க. நீங்களும் உக்காருங்க."

காளிச்சாமி பொத்தானைத் தொடவில்லை. மற்றொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.