என் பெயரில் கிடந்த கமெண்டுகள்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பள்ளித் தோழி செல்வியைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள்.

"என் போட்டோவுக்குக் கீழ அவ்ளோ அசிங்கமா எழுதிட்டு, எந்த மூஞ்ச வச்சிக்கினு வந்து பேசற?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் போட்டோ போடும் அந்த ஆப்பில் சமையல் வீடியோ பார்ப்பதைத் தவிர நான் எதுவும் எழுதியதே இல்லை. விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனில், என் கணக்கிலிருந்து எழுதியதையெல்லாம் காட்டும் ஆக்டிவிட்டி லாகைத் திறந்தேன். பழைய கமெண்டுகள் வரிசையாக வந்தன. செல்வி, என் சித்தி மகள், மகளின் டீச்சர் என்று ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் வாய்விட்டுச் சொல்ல முடியாத வார்த்தைகள்.

அந்தக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவர் என் கணவர். அவர் போனிலும் அது திறந்தே இருக்கும். வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"சும்மா ஜாலிக்குப் போட்டதுதான். பொம்பள பேருல போட்டா எவனும் அடிக்க வரமாட்டான். இதப் போயி பேஜாரு பண்ணிக்கினு..." என்றார், மல்லாட்டை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டே.

அவருக்குச் சோறு போடக் கை கூசியது. ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். குடும்பப் பெண் தன் முகத்தைப் போடக் கூடாது என்று அவர் சொன்னதால், ப்ரொபைலில் மகளின் படத்தைத்தான் வைத்திருந்தேன்.

அந்த அசிங்கம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் ஏழு வயது மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.