வேன் எதற்கு நின்றது

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். பீஸை வெளிச்சத்தில் விரித்து, உள்பக்கம் வெளிப்பக்கம் புரட்டி, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று எங்கே கோளாறு இருந்தாலும் கண்டுபிடித்து அங்கே ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை. இத்தனை வருடம் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது கண்ணை மட்டும் கழற்றி டேபிள் மேல் வைத்துவிட்டா வர முடியும்? பால்காரர் சிரித்துக்கொண்டே வந்தால்கூட, இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

எங்கள் வீடு திருப்பூர் மண்ணரையில், மெயின் ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓடும் ஒரு குறுகலான வீதியில் இருக்கிறது. ஒரு பக்கம் சாக்கடை, மறு பக்கம் வாசற்படிகள். சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத கம்பெனி வேன்கள் காலையில் இதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறும். நடப்பவர்களுக்கென்று ஒரு சாண் இடம் கிடையாது. வேன் வந்தால் நாம்தான் யாராவது வீட்டுப் படியில் ஏறி நிற்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் ‘என்ன விஷயம்’ என்பது போல நம்மைப் பார்ப்பார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகளின் சைக்கிளை ஒரு வேன் உரசிவிட்டுப் போய்விட்டது. அவள் சாக்கடை மூடிமேல் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, வளைந்த ஹேண்டில்பாரோடு வீட்டுக்கு வந்தாள். என்ன வண்டி என்று கேட்டால் வெள்ளை வேன் என்றாள். திருப்பூரில் எந்த வேன் வெள்ளையில்லை? ஓட்டினவன் நின்று பார்க்கக்கூட இல்லை. பாவி, ஒரு நிமிடம் நின்றிருந்தால் அவன் தலையா போயிருக்கும்?

என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். கத்தரியால் வெட்டுகிற மாதிரியேதான் பேசுவார்.

“சைக்கிள் போதும். இனி நானே கொண்டுபோய் உடறேன். காலாண்டு லீவுக்குள்ள ரோடு சரியாச்சுன்னாப் பாக்கலாம். இல்லீன்னா இந்த வருசத்தோட படிப்பை நிறுத்திப் போட்டு, என்ற கம்பெனியிலயே பேக்கிங்ல சேத்தி உட்டர்றேன்.”

முழங்கை எரிச்சலுக்கு அழாத பெண் அதற்கு அழுதாள். நான் ஒன்பதாவதோடு கம்பெனிக்கு வந்தவள். என் மகளும் டேபிள் முன்னால் வந்து நிற்க வேண்டுமா? “ரோடுதான சரியாகோணும்? நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். எப்படிப் பார்ப்பது என்று அப்போது எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

மறுநாளிலிருந்து அவர் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அதுவரை அவருடைய பைக்கில் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த நான் கம்பெனி வேனில் ஏற ஆரம்பித்தேன்.

சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனேன். வீதி ஓரத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டுக்குள் வண்டி ஏறாமல் இருக்கச் சிறு கல், பள்ளிக்கூட முக்கில் ஒரு வேகத்தடை. கேட்டது அவ்வளவுதான். மளிகைக் கடைக்காரர் அரிசி நிறுத்துக்கொண்டே, “ஏனுங்க, எலெக்சன்ல நிக்கறீங்களா?” என்றார். எதிர்வரிசையில் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளின் சொந்தக்காரர் என்னை உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, ஒரு முழு நிமிடம் முகத்தையே பார்த்தார்.

“கோடு போடறோம்னு சொல்லித்தான் வருவாங்க கண்ணு. அப்புறம் அளவு டேப்போட வருவாங்க. அப்புறம் என்ற வாசப்படிய இடிப்பாங்க. உன்னைய யாரு அனுப்புனாங்க, அதச் சொல்லு.”

“என்ற புள்ள உழுந்து எந்திரிச்சு வந்தாளுங்க. அவதான் அனுப்புனா” என்றேன். அவர் நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை. அவருடைய படி ரோட்டுக்குள் ஒரு முழம் நீண்டிருந்ததை அன்றுதான் சரியாகக் கவனித்தேன். இருந்தாலும் கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அதைவிடப் பெரிய சந்தேகம் அதற்குப் பிறகு வந்தது. வார்டு கவுன்சிலர் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்ல விசயமுங்க, செஞ்சரலாம்” என்றார். ஒரு தடவைகூட ‘நாளைக்கு வாங்க’ என்று அலைய விடவில்லை! வீதிக் கோடியில் சின்னதாகக் கம்பெனி வைத்திருப்பவர், கல்லுக்கு ஆகும் செலவு தன்னுடையது என்றார். எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. கல்லில் தன் கம்பெனி பெயரை எழுதிக்கொள்ளப் போகிறாரா? லோடு வண்டி நிறுத்த இடம் பிடிக்கப் போகிறாரா? கோடு போட்டார்கள், கல் நட்டார்கள், பள்ளிக்கூட முக்கில் வேகத்தடையும் வந்துவிட்டது. நான் தினமும் போய்க் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பெயர் எதுவும் இல்லை. இன்றுவரை இல்லை. பார்ப்பதை நானும் நிறுத்தவில்லை.

ஆனால் கல் சாய ஆரம்பித்தது. இன்றைக்கு நிமிர்த்தி வைத்தால் நாளைக்கு வேறொன்று விழுந்து கிடக்கும். மளிகைக் கடைக்காரர்தான், வாடிக்கையாளர் பைக் நிறுத்த இடமில்லாமல் தள்ளிவிடுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் லைன் வீட்டுக்காரர் என்று நினைத்தேன். கடைக்காரரோ, அந்த லைன் வீடுகளில் தங்கியிருக்கும் ஹிந்திக்காரப் பையன்கள்தான் என்று சாதித்தார். அந்தப் பையன்களில் ஒருவன் விழுந்த கல்லை நிமிர்த்திக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். தள்ளியவனே நிமிர்த்துகிறானோ என்றுதான் அப்போதும் என் புத்தி போயிற்று. காலாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தினமும் சாய்ந்த கல்லைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, காலண்டரில் லீவு தேதியைத் தேடுவார்.

இதற்கிடையில் ஒரு நாள் எங்கள் கம்பெனி வேனுக்கு நேரமாகிவிட்டது. கடைசி ஸ்டாப்பில் ஏற வேண்டிய பெண் ஓடி வந்து சேர்வதற்குள் எல்லோரும் மணி பார்க்க ஆரம்பித்துவிட்டோம். எங்கள் கம்பெனியில் விரல் வைக்கும் மிஷின் இருக்கிறது. நேரம் தாண்டி விரல் வைத்தால் கால் ஷிப்ட், அதாவது அந்த நாள் கூலியில் கால் பங்கு, போய்விடும். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் கால் ஷிப்ட்தான். மிஷினிடம் கெஞ்ச முடியாது.

“அண்ணா, போங்கண்ணா!”

“மெயின் ரோடு வேண்டாமுங்ண்ணா, சந்துக்குள்ள உடுங்க!”

டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் பெருமாநல்லூர் ரோட்டை விட்டு ஒரு வீதிக்குள் திருப்பினார். எங்கள் வீதியை உரித்து வைத்தது போல ஒரு வீதி. ஒரு வீட்டுச் சுவரில் ‘மெதுவாகச் செல்லவும், பிள்ளைகள் நடக்கும் இடம்’ என்று யாரோ கோணல்மாணலாகப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். அங்கேயும் ஒருத்தி வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். வேன் ஓரத்துக்கு ஒதுங்கி ஏறியபோது அடியில் ஏதோ டொக்கென்று இடித்தது. திரும்பிப் பார்த்தேன். ஓரத்தில் நட்டிருந்த கல் ஒன்று, எங்கள் வீதிக் கல்லைப் போலவே சாய்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், சைக்கிளைச் சுவரோடு அணைத்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் கண்ணைத் திறப்பதற்குள் நாங்கள் முக்கைத் தாண்டிவிட்டோம்.

வேனுக்குள் வேறு யாருமே பார்க்கவில்லை. ‘போங்கண்ணா’ என்று கத்திய குரல்களில் என் குரலும் இருந்தது.

சாயங்காலம் இறங்கும்போது டிரைவரிடம் சண்டைக்குப் போனேன். “கல்லு உழுந்ததே, பாத்தீங்களா இல்லீங்களா? புள்ள மேல பட்டிருந்தா?”

அவர் கோபப்படவில்லை. “பாத்தேன்க்கா. நின்னா நீங்கதானே ஏசுவீய? எந்த வேனுல வேணும்னாலும் ஏறிப் பாருங்க. ஸ்டியரிங்தான் எங்க கையில. வேகம் பின்னாடி உக்காந்திருக்கவங்க வாயில.”

இந்த ஆள் தன் தப்பை எங்கள் தலையில் கட்டுகிறார் என்று ராத்திரி முழுக்கத் திட்டினேன். ஆனால் எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் அவர் பேச்சில் ஸ்டிக்கர் ஒட்ட ஒரு இடம் அகப்படவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். வேனுக்கு நேரமானால் அன்றைக்கு மட்டும் கால் ஷிப்ட் பிடிக்காமல் விட முடியுமா என்று கேட்டேன். “எந்த யூனியன்?” என்றார். வேனில் இருந்தவர்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பி வந்தால் சந்துக்குள் போக வேண்டியதில்லை என்றேன். “ஏனுங்க்கா, கம்பெனியில உங்களுக்குத் தனியா ஏதாச்சும் தர்றாங்களா?” என்றாள் ஒருத்தி. எங்கள் வீதி முக்கில் வேறு வேறு கம்பெனி வேனுக்காக நிற்கும் பெண்களிடமும் சொன்னேன். வழியில் பள்ளிப் பிள்ளை தென்பட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், அது எந்த வீதியாக இருந்தாலும் சரி என்றேன். தலையாட்டினார்கள். நான் நாலு எட்டு வைத்ததும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்த வாரத்திலேயே அதே சந்தில் அதே பள்ளிப் பெண் எதிரே வந்தாள். “அண்ணா, நிறுத்துங்க!” என்று கத்தினேன். டிரைவர் நிறுத்திவிட்டார். அவள் தயங்கித் தயங்கிக் கடந்து போவதற்குள் பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். அன்றைக்கு வேனில் வந்த அத்தனை பேருக்கும் கால் ஷிப்ட் போயிற்று. அப்புறம் இரண்டு நாள் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. உட்காராவிட்டால் போகட்டும், காலை நீட்டிக்கொண்டு வந்தேன். ஆனாலும் மூன்றாம் நாள் என் ஸ்டாப்பில் ஏறுகிற எல்லோரும் எனக்கு முன்னதாகவே வந்து நின்றார்கள். என்ன திட்டத்தோடு வந்தார்களோ, தெரியாது.

லீவு முடிந்து பள்ளி திறந்தது. கோடும் வேகத்தடையும், நான் நிமிர்த்தி நிமிர்த்தி வைத்த கல்லும் இருந்ததால் என் வீட்டுக்காரரால் வாக்கு மாற முடியவில்லை. “ஒரு வாரம் பாக்கலாம்” என்று சைக்கிள் சாவியைக் கொடுத்தார். அந்த வாரம் முடிவதற்குள், ஒரு நாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள்:

“அம்மா, இன்னிக்கி ஒரு வேன் என்னையப் பாத்துட்டு நின்னுச்சும்மா. உள்ளிருந்து யாரோ வா வான்னு கையக் காட்டுனாங்க. எனக்குப் பயமாப் போச்சு. வந்த வழியே திரும்பிக் கடைக்குள்ள போயி நின்னுட்டேன். அது போனதுக்கப்புறந்தான் ஸ்கூலுக்குப் போனேன்.”

வீட்டுக்காரர் சோற்றில் வைத்த கையை எடுத்தார். “வேன் எதுக்கு நிக்குது? பொட்டப் புள்ளயப் பாத்து எதுக்குக் கை காட்டறாங்க? நாளையிலிருந்து சைக்கிள் வேண்டாம்.”

“நிக்காமப் போனாலும் தப்பு, நின்னாலும் தப்பா?” என்று கத்திவிட்டேன். கத்தினேனே தவிர, எனக்குள்ளும் அதே கேள்விதான் குடைந்தது. யார் அது? எதற்கு நின்றார்கள்? நான் சொன்னதைக் கேட்டு நிற்கிற அளவுக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? என் மகளோ ‘நான் செய்தது சரிதானே’ என்பது போல என்னையே பார்த்தாள். சந்தேகப்பட அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

“நாளைக்கு நானே வந்து பாக்கறேன். நீங்களும் வாங்க” என்றேன்.

மறுநாள் என் கம்பெனி வேனை விட்டுவிட்டு மகளோடு நடந்தேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் பைக்கை லைன் வீட்டுப் படி ஓரமாக நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படியின் சொந்தக்காரர் உள்ளிருந்து எங்கள் மூவரையும் எட்டிப் பார்த்தார்.

வேன் வந்தது. வெள்ளை வேன்தான். எங்களைக் கண்டதும் வேகம் குறைந்து, கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நான் குனிந்து டிரைவரைப் பார்த்தேன், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மகள் என்னைப் பார்த்தாள். நான் அவள் தோளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னல் கண்ணாடி சர்ரென்று திறந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி, வாயில் கவ்விய ஹேர்பின்னோடு தலையை வெளியே நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஹேர்பின்னைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினாள்:

“ஏனுங்க்கா, அந்தப் புள்ளய வெரசாப் போகச் சொல்லுங்க! எங்களுக்குக் கால் ஷிப்ட் போகுது!”

என் கை தானாகத் தோளை விட்டது. மகள் ஏறி மிதித்தாள். கோட்டுக்குள்ளேயே போய், வேகத்தடையில் ஒரு குதி குதித்து, பள்ளிக்கூட முக்கில் திரும்பினாள். அதற்குப் பிறகுதான் வேன் நகர்ந்தது. அந்தப் பெண் ஜன்னலை மூடிவிட்டாள், எங்களை இன்னொரு முறை பார்க்கக்கூட இல்லை.

வீட்டுக்காரர் முக்கு வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்து என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“ஏறு. நாளையிலிருந்து முன்ன மாதிரி உன்னைய நானே உட்டர்றேன்” என்றார்.