ஈரமில்லாத தெருவில் ஒரு கசிவு

பிறவியிலேயே பார்வையில்லாத என் தங்கை, குடிநீர் வாரியத்தில் நிரந்தர வேலை வாங்கினாள். இருபத்தாறு வருடத்தில் மண்ணுக்கடியில் எழுநூற்றுப் பதினெட்டுக் கசிவுகளைக் கண்டுபிடித்தாள். கணக்கு என் நோட்டில் இருக்கிறது. 'இவளை யார் கட்டுவாங்க' என்று கேட்ட சித்தியைத் தன் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்காரவைத்தாள்.

கசிவு தேடுவது காதால் செய்யும் வேலை. இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மேல்முனையிலுள்ள மரக்கிண்ணத்தில் காதை வைக்க வேண்டும். தற்காலிக ஆளாகச் சேர்ந்த மூன்றாம் மாதம், ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், "இங்க ஒழுகுது" என்றாள். தெரு காய்ந்து கிடந்தது.

"மெஷினுக்கே கேக்கல, உனக்கு மட்டும் கேக்குதாம்மா?" என்றார் இன்ஜினியர்.

"உங்களுக்குக் கேக்கலேன்னா தண்ணி நின்னுடுமா சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்குத் தோண்டுவோம். ஒண்ணும் இல்லேன்னா அதோட வேலைக்கு வராதே."

வீட்டுக்கு வந்ததும் வீறாப்பு இறங்கிவிட்டது. "அக்கா, அந்தச் சத்தம் நெசமாவே வெளியில இருக்கா, இல்ல என் காதுக்குள்ளயா? கலர்னு ஒண்ணு இருக்குன்னு நீ சொல்லி நம்புறேன். இதை யார் சொல்லி நம்புறது?"

மறுநாள் காலை அவளுடன் போய்க் கம்பியில் காது வைத்தேன். என் மூச்சுதான் கேட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணும் கேக்கலடி." அவள் முகம் சுண்டிப்போனது.

பிறகு அவளைச் சுற்றிவிட்டு, வேறு வேறு முனையிலிருந்து கூட்டிவந்தேன். அடி எண்ணவிடாமல் வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தேன். அவள் 'இங்க' என்ற இடத்தில் சத்தமில்லாமல் சாக்பீஸ் கோடு போட்டேன். ஐந்து தடவை. ஐந்து கோடும் ஒரு சாணுக்குள் விழுந்தன.

"உன் காதுக்குள்ள இருந்தா, போற எடமெல்லாம் கூடவே வந்திருக்கணும். இது எடத்தை விட்டு அசையல. வெளியிலதான் இருக்கு."

"உனக்குத்தான் கேக்கலையே?"

"எனக்குக் கேக்காதது எத்தனையோ இருக்கும்டி. அதெல்லாம் என்னைக் கேட்டுக்கிட்டா இருக்கு?"

இன்ஜினியர் படிவத்தோடு வந்தார். தோண்டச் சொல்பவர் பொறுப்பேற்க வேண்டுமாம். மை டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். சம்பளத்துக்கும் அதுவரை கைநாட்டுத்தான். நான் அட்டையில் வெட்டித் தந்த எழுத்துகளைத் தடவித் தடவிப் பெயரெழுத அவள் பழகியிருந்தது அவருக்குத் தெரியாது.

"பேனா குடுங்க சார்."

வரி தவறாமலிருக்க, கோட்டின் மேல் ஓர் அட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எழுதினாள்.

தோண்டியபோது, இடுப்பளவு ஆழத்தில் குழாய் மூட்டில் நீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரெல்லாம் பழைய சாக்கடைக்குள் இறங்கியதால் மேலே ஈரம் தெரியவில்லை. அந்தப் படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட தேதி: 1996 மார்ச் 14, வியாழக்கிழமை.